ஊட்டும் கை, ஒப்பமிடும் கை

பெருமூளை வாதம் என்ற ஒரே பெயருக்குள் பல விதமான குழந்தைகள் இருக்கிறார்கள். ஒரு குழந்தை காலைச் சற்றுச் சாய்த்து நடந்து பள்ளிக்கூடம் போய்விடும். இன்னொரு குழந்தைக்குத் தலையை நிமிர்த்தி வைப்பதே பெரும்பாடு. கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழக ஆய்வுக் குழு ஒன்று 1997-இல் இந்த வேறுபாட்டை ஐந்து நிலைகளாக வகுத்தது. முதல் நிலைக் குழந்தை ஓடும், குதிக்கும். ஐந்தாம் நிலைக் குழந்தையால் தாங்கல் இல்லாமல் உட்கார முடியாது, சக்கர நாற்காலியைத் தானே தள்ளவும் முடியாது. பெரும்பாலும் கூடவே வலிப்பும் விழுங்குவதில் சிக்கலும் இருக்கும். பேச்சும் வருவதில்லை. நான் எழுதுவது இந்த ஐந்தாம் நிலைக் குழந்தைகளைப் பற்றி. என் அக்காவின் மகள் அவர்களில் ஒருத்தி.

எல்லாப் பெற்றோரும் பிள்ளைக்காக முடிவெடுக்கிறார்கள். ஆனால் மற்ற வீடுகளில் பிள்ளை வளர வளர அந்த உரிமை கொஞ்சம் கொஞ்சமாகப் பிள்ளையின் கைக்கு மாறுகிறது. இங்கே அது மாறுவதே இல்லை. பத்து வயதிலும் இருபது வயதிலும் அம்மாவோ அப்பாவோதான் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போட வேண்டும். எதற்காகக் கத்தி வைக்கிறார்கள் என்று அந்தப் பிள்ளைக்கு விளக்கவும் வழியில்லை. இந்த முடிவுகள் திரைப்படத்தில் வருவதுபோல ஒரே இரவில் வந்து நிற்பதுமில்லை. வெளிநோயாளர் பிரிவில் டோக்கன் எண் கூப்பிடும் இரைச்சலுக்கு நடுவே, பின்னால் இன்னும் நாற்பது பேர் காத்திருக்க, "யோசிச்சுச் சொல்லுங்கம்மா" என்ற ஒரு வரியாக வரும். அப்படி முதலில் வருவது பெரும்பாலும் சாப்பாட்டைப் பற்றிய முடிவுதான்.

அக்கா மகளுக்குச் சோறு ஊட்டுவதைப் பக்கத்தில் இருந்து பார்த்திருக்கிறேன். அக்கா சுவரில் சாய்ந்து ஒரு காலை மடக்கி உட்காருவாள். மகளின் தலை அவளுடைய இடது முழங்கை மடிப்பில் இருக்கும். தலை பின்னால் சரிந்தால் சோறு மூச்சுக்குழாய்க்குள் இறங்கிவிடும் என்பதால் முகவாய் நெஞ்சைப் பார்த்துச் சற்றே குனிந்திருக்கும்படி பிடித்துக்கொள்வாள். பருப்பும் சோறும் பருக்கை தெரியாமல் மசித்து நெய் விட்டிருக்கும். கரண்டி நுனியில் ஒரு சுண்டைக்காய் அளவு. நாக்கு அதை வெளியே தள்ளும். உதட்டில் வழிந்ததை வழித்து மறுபடி உள்ளே, நாக்கின் நடுவில் வைப்பாள். தொண்டை ஒருமுறை ஏறி இறங்கும். அதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் அடுத்த வாய். ஒரு சின்னக் கிண்ணம் காலியாவதற்குள் ஒரு மணி நேரம் ஆகிவிடும். பாதி கழுத்துத் துண்டில் இருக்கும். கை கழுவி எழுந்து தன் சாப்பாட்டை முடித்தால் அடுத்த வேளைக்கு மசிக்க வேண்டிய நேரம் வந்திருக்கும்.

நம் வீடுகளில் யாருக்காவது புரையேறினால் உச்சந்தலையில் தட்டி, யாரோ நினைக்கிறார்கள் என்று சொல்லி விட்டுவிடுவோம். இந்தக் குழந்தைகளிடம் அப்படி விட முடியாது. விழுங்கும்போது மூச்சுக்குழாயின் வாய் மூடிக்கொள்ள வேண்டும். அதற்குப் பல தசைகள் ஒரு நொடிக்குள் வரிசை தவறாமல் இயங்க வேண்டும். மூளையிலிருந்து வரும் உத்தரவு பிசகினால் வரிசையும் பிசகும். கெட்டியான மசியலைவிடத் தண்ணீர்தான் அதிக ஆபத்து. அது தசைகள் தயாராவதற்குள் ஓடி இறங்கிவிடுகிறது. இதிலும் மோசமானது இருமலே வராத புரையேற்றம். உணவு ஓசையில்லாமல் நுரையீரலுக்குப் போகும். குழந்தை சிரித்துக்கொண்டே இருக்கும். சாப்பிட்ட பின் மூச்சில் களகளவென்ற ஈரச் சத்தம், கண்ணில் நீர், அடிக்கடி காய்ச்சல், நெஞ்சில் சளி என்று சுற்றிவளைத்துத்தான் அது தெரியவரும். பேரியம் கலந்த உணவைக் கொடுத்து, விழுங்குவதை எக்ஸ்ரே வழியே ஓடும் படமாகப் பார்க்கும் சோதனை உண்டு. பெரிய ஊர்களில்தான் கிடைக்கும். அது இல்லாத இடத்தில் தாயின் கைபேசியில் எடுத்த இரண்டு நிமிட வீடியோவே மருத்துவருக்கு நிறையச் சொல்லும். ஊட்டும்போது ஒன்று, ஊட்டி முடித்துச் சற்று நேரம் கழித்து ஒன்று எடுத்துக்கொண்டு போகச் சொல்வேன்.

எடை ஏறவில்லை, காய்ச்சல் ஓயவில்லை என்ற கட்டத்தில் குழாய் பற்றிய பேச்சு வரும். மூக்கு வழியாகப் போடும் ரைல்ஸ் டியூப் சில வாரங்களுக்குச் சரி. கன்னத்தில் ஒட்டிய பிளாஸ்திரி புண்ணாக்கும். குழந்தை இழுத்துப் போடும். மறுபடி போடும்போது வயிற்றுக்குப் பதில் மூச்சுக்குழாய்க்குள் போய்விடும் அபாயமும் உண்டு. நீண்ட காலத்துக்கு என்றால் வயிற்றில் நேராகத் துளையிட்டு வைக்கும் குழாய்தான். மருத்துவமனையில் பெக் என்பார்கள். 1979-இல் அமெரிக்காவின் கிளீவ்லாந்து நகரில் குழந்தை அறுவை மருத்துவர் மைக்கேல் கௌடரரும் எண்டோஸ்கோபி மருத்துவர் ஜெஃப்ரி பொன்ஸ்கியும் வயிற்றைப் பெரிதாகக் கிழிக்காமல் இதைச் செய்யும் முறையைக் கண்டார்கள். முதலில் செய்துகொண்டது ஒரு கைக்குழந்தை. எண்டோஸ்கோப்பை வாய் வழியாக இரைப்பைக்குள் இறக்கினால் அதன் விளக்கொளி வயிற்றுத் தோலில் மங்கலாகத் தெரியும். அந்த இடத்தில் ஊசியைச் செலுத்தி, நூலைப் பிடித்து, குழாயை வாய் வழியே உள்ளே இழுத்து வயிற்றின் வழியே வெளியே எடுக்கிறார்கள். செய்முறை சிறியதுதான். ஆனால் குழந்தைகளுக்கு மயக்க மருந்து கொடுத்தாக வேண்டும், நுரையீரல் ஏற்கெனவே பலவீனமான குழந்தைக்கு அந்த மயக்கமே கவலை தருவது.

வீட்டில் முதல் எதிர்ப்பு பாட்டிகளிடமிருந்து வரும். "வாயில ருசி தெரியாம புள்ள எப்படிம்மா இருக்கும்?" என்று அக்காவின் மாமியார் கேட்டார். அறியாமையில் வந்த கேள்வி இல்லை அது. பேச்சில்லாத, நடக்காத ஒரு பிள்ளைக்கு நாளில் கிடைக்கும் இன்பங்களை எண்ணிப் பார்த்தால் வாய்க்கு ருசியானது முதல் சிலவற்றுக்குள் வந்துவிடும். ஊட்டுவது அம்மா மடியில் கிடக்கும் நேரமும்கூட. குழாய் வந்தால் அதுவும் போய்விடுமோ என்ற பயம் நியாயமானது. இதற்கு மருத்துவர் தரும் பதில் பாதி ஆறுதல்தான். விழுங்கும் திறன் கொஞ்சமாவது இருந்தால் குழாய் வைத்த பிறகும் வாய்க்கு ருசி காட்டலாம். நாக்கில் தேங்காய்ப்பாலைத் தொட்டு வைக்கலாம், மசித்த மாம்பழம் ஒரு துளி தரலாம். வயிறு நிறைய வேண்டும் என்ற கட்டாயம் வாயை விட்டுப் போய்விடுவதால் அந்த ஒரு துளியை அவசரமில்லாமல் தர முடியும். ஆனால் திறன் சுத்தமாக இல்லாத குழந்தைக்கு அந்தத் துளியும் ஆபத்து. எந்தக் குழந்தை எந்தப் பக்கம் என்று விழுங்கும் திறனைச் சோதிக்கத் தெரிந்தவரிடம் கேட்டுக்கொண்டுதான் செய்ய வேண்டும்.

குழாய் எதைத் தரும், எதைத் தராது என்பதில் தெளிவு வேண்டும். ஆக்ஸ்ஃபோர்டில் பீட்டர் சல்லிவன் குழுவினர் குழாய் பொருத்திய 57 குழந்தைகளை ஓராண்டு பின்தொடர்ந்து 2005-இல் வெளியிட்ட ஆய்வில் எடை நன்றாக ஏறியிருந்தது. ஊட்டும் நேரம் வெகுவாகக் குறைந்தது என்று ஏறக்குறைய எல்லாப் பெற்றோரும் சொன்னார்கள். வலிப்பு மருந்து துப்பாமல் முழு அளவு உள்ளே போவதும் பெரிய லாபம். (எல்லா மாத்திரைகளையும் பொடித்துக் குழாயில் விடக்கூடாது. மெதுவாகக் கரையும்படி செய்த மாத்திரைகளுக்குத் திரவ மருந்தாக மாற்றித் தரும்படி கேட்க வேண்டும்.) ஆனால் எச்சில் மூச்சுக்குழாய்க்குள் போவதைக் குழாய் நிறுத்தாது. இரைப்பையிலிருந்து உணவு மேலேறும் தொல்லை அதிகமாகவும் கூடும். துளையைச் சுற்றிச் சதை வளரும், கசியும், சீழ் பிடிக்கும். கேழ்வரகுக் கஞ்சியைச் சரியாக வடிகட்டாமல் விட்டால் அடைத்துக்கொள்ளும். ஒவ்வொரு வேளைக்குப் பின்னும் தண்ணீர் விட்டுக் கழுவ வேண்டும். தப்பித் தவறிக் குழாய் வெளியே வந்துவிட்டால் துளை சில மணி நேரத்திலேயே சுருங்கத் தொடங்கும். இரவு இரண்டு மணியானாலும் ஓடியாக வேண்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு அக்கா மருத்துவரிடம் சொன்னாள்: "டாக்டர், எனக்கும் முடியல. அதுவும் ஒரு காரணந்தான்." சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். மருத்துவர் நல்லவர். "அதைச் சொன்னது நல்லதும்மா. அவளுக்கு என்ன, உங்களுக்கு என்னன்னு தனித்தனியா எழுதிக்கிட்டு வாங்க, உக்காந்து பேசுவோம்" என்றார்.

இந்தக் கட்டுரையில் நான் சொல்ல வந்தது ஒன்றே ஒன்றுதான் என்றால் அது அந்த மருத்துவர் சொன்னதுதான். ஆழ்ந்த குறைபாடுள்ள குழந்தையின் நலனும் பெற்றோரின் சௌகரியமும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. தாய் இடுப்பு ஒடிந்து படுத்துவிட்டால் மறுநாள் அந்தப் பிள்ளைக்கு ஆள் கிடையாது. ஆகவே தாயின் ஓய்வைக் கணக்கில் எடுப்பது சுயநலமாகாது. ஆனால் இரண்டையும் ஒன்றாகக் குழப்பி, எல்லாமே பிள்ளைக்காகத்தான் என்று சொல்லிவிடும்போது, நம் சௌகரியம் பிள்ளையின் நலன் என்ற பெயரில் உள்ளே வந்துவிடும். வந்தது யாருக்கும் தெரியாது, சொல்லுகிறவருக்கே தெரியாது. எது அவளுக்கு, எது நமக்கு என்று வாய்விட்டுச் சொல்லிப் பிரித்துவிட்டால், நமக்கானதை வேறு வழியில் அடைய முடியுமா என்று கேட்கலாம். குழாய் விஷயத்தில் அக்கா எழுதிக்கொண்டு போன தாளில் மகளின் பக்கமே கனமாக இருந்தது. சாப்பாட்டில் புரையேறாது, காய்ச்சல் குறையும், மருந்து உள்ளே போகும், பசி தெரியாமல் இருப்பாள். தன் பக்கத்தில் தூக்கம் என்று ஒரு சொல் மட்டும் எழுதியிருந்தாள். குழாய் வைத்தார்கள்.

எடை ஏறியது. கூடவே அடுத்த கேள்வியும் வந்தது. நடக்காத, அதிகம் அசையாத உடம்புக்குத் தேவைப்படும் சக்தி குறைவு. கணக்குப் பார்க்காமல் ஊற்றினால் கொழுப்பாகச் சேரும். கணக்குப் பார்த்தாலும் பிள்ளை வளரத்தானே செய்யும். எட்டு வயதுவரை இடுப்பில் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறிய அம்மாவால் பன்னிரண்டு வயதுப் பெண்ணைத் தூக்க முடிவதில்லை. குளியலறைக்கு, கட்டிலுக்கு, ஆட்டோவுக்கு என்று ஒரு நாளில் எத்தனை தூக்கல். படுத்த வாக்கில் திருப்பிவிடாமல் இருந்தால் புண் வரும். தூக்க முடியாமல் போகும்போது பிள்ளை மெல்ல மெல்ல வீட்டின் ஒரே அறைக்குள் சுருங்கிப் போகிறது.

இதே கவலையிலிருந்துதான் அமெரிக்காவில் ஒரு குடும்பம் உலகமே விவாதித்த ஒரு முடிவுக்குப் போனது. ஆஷ்லி என்று மட்டும் அறியப்பட்ட சிறுமி. தலையைத் தூக்கவோ புரண்டு படுக்கவோ பேசவோ முடியாது. குழாய் வழியாகத்தான் உணவு. ஆறு வயதில் பருவ மாற்றத்தின் அறிகுறிகள் தோன்றத் தொடங்கின. 2004-இல் சியாட்டில் குழந்தைகள் மருத்துவமனையில், அறநெறிக் குழு கூடிப் பேசிய பிறகு, அவளுடைய கருப்பையை அகற்றினார்கள். மார்பு வளரும் மொட்டுகளையும் எடுத்தார்கள். பிறகு இரண்டாண்டுக்கு மேல் அதிக அளவில் ஈஸ்ட்ரோஜன் கொடுத்தார்கள். எலும்பின் வளர்ச்சித் தட்டுகள் சீக்கிரமே மூடிக்கொண்டு, அவள் ஏறத்தாழ நாலரை அடி உயரத்திலேயே நின்றுவிட வேண்டும் என்பது நோக்கம். 2006-இல் மருத்துவர்கள் கன்தரும் டீக்கமாவும் இதை மருத்துவ இதழில் எழுதினார்கள். 2007 ஜனவரியில் பெற்றோரே தங்கள் காரணங்களை வெளியிட்டபோது உலகம் முழுவதும் சச்சரவு எழுந்தது.

பெற்றோர் சொன்னதை முழுதாகக் கேட்க வேண்டும். சிறிய உடம்பாக இருந்தால் தூக்கிப் போய் வெளியே காட்டலாம், குடும்பத்தோடு வைத்துக்கொள்ளலாம், புண்ணும் நிமோனியாவும் குறையும். மாதவிலக்கின் வலி இராது. மார்பு இல்லாவிட்டால் பட்டையால் கட்டி உட்காரவைக்கும்போது அழுத்தாது. தங்கள் சௌகரியத்துக்காக இதைச் செய்யவில்லை, மகளின் வாழ்க்கைத் தரத்துக்காகவே செய்தோம் என்று அவர்கள் அழுத்திச் சொன்னார்கள். அந்த அன்பை நான் சந்தேகிக்கவில்லை. நாள் முழுதும் தூக்கி இறக்கிய கைகளுக்குத்தான் அந்தக் கவலையின் எடை தெரியும். வாஷிங்டன் மாநிலத்தின் மாற்றுத்திறனாளி உரிமை அமைப்பு விசாரித்து, நீதிமன்ற ஆணை இல்லாமல் கருப்பையை அகற்றியது மாநிலச் சட்டத்துக்கு மாறானது என்று 2007 மே மாதம் அறிக்கை தந்தது. மருத்துவமனையும் அதை ஒப்புக்கொண்டது.

சட்டத்தைத் தாண்டிய எதிர்ப்பு இன்னொரு பெற்றோரிடமிருந்தே வந்தது. அமெரிக்கத் தத்துவப் பேராசிரியர் ஈவா ஃபெடர் கிட்டேயின் மகளும் பேச்சில்லாதவர், அன்றாட வாழ்க்கைக்கு முழுக்கப் பிறர் கையை நம்பியிருப்பவர். ஆனால் வளர்ந்த பெண். கிட்டே இந்தச் சிகிச்சையைக் கடுமையாக மறுத்து எழுதினார். ஒரே மாதிரி பிள்ளையை வளர்க்கும் இரண்டு குடும்பங்கள் எதிரெதிர் கரையில் நின்றன. அனுபவித்தவனுக்குத்தான் தெரியும் என்று சொல்லி இந்தக் கேள்வியை முடித்துவிட முடியாது என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டாம்.

இதில் என் மனம் கிட்டேயின் பக்கம்தான். மார்பையும் கருப்பையையும் எடுத்ததை என்னால் ஏற்க முடியவில்லை. வளர்ச்சியைக் குறைப்பதில் எனக்குச் சற்றுத் தயக்கம் உண்டு. அவளுக்கு, நமக்கு என்று இரண்டு வரிசையாக எழுதிப் பார்த்தால் அங்கே காரணம் தெளிவாக இரண்டாவது வரிசையில் நிற்கிறது: தூக்க ஆள் போதவில்லை. அது அந்தச் சிறுமியின் உடம்பில் இருக்கும் குறை இல்லை. வீட்டில் நோயாளியைத் தூக்கும் சிறு கருவி, சாய்தளம், அகலமான குளியலறைக் கதவு, சம்பளம் கொடுத்து வைத்துக்கொள்ளும் உதவியாள் இவற்றால் தீர வேண்டியதற்குக் கத்தியிடம் போகக்கூடாது. ஆனால் இந்தப் பதிலைச் சொல்கிறவர்களுக்கு ஒரு கடமை இருக்கிறது, அந்தக் கருவி கிடைக்க வழிசெய்வது. தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டவர்களுக்கு அரசு தரும் பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். தேசிய அறக்கட்டளையின் நிராமயா காப்பீடு ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய்வரை. இல்லாததற்கு இது பெரிது. தேவைக்கு முன்னால் சிறிது. மூன்றாவது மாடியில் லிஃப்ட் இல்லாத வீட்டில் இருக்கும் தாயிடம் உரிமையைப் பற்றி மட்டும் பேசிவிட்டு வருவது எனக்கு நியாயமாகப் படவில்லை.

நம்மூரிலும் இந்தக் கேள்வி கேட்கப்படாமல் இல்லை. மகளுக்குப் பத்து பதினோரு வயதாகும்போது அம்மாக்கள் குரலைத் தாழ்த்தி, "கர்ப்பப்பையை எடுத்துடலாங்களா?" என்று கேட்கிறார்கள். 1994-இல் மகாராஷ்டிரத்தின் ஷிரூரில் ஒரு அரசு விடுதியில் இருந்த மனவளர்ச்சி குன்றிய பெண்கள் பலருக்குப் புனேயில் கருப்பையை அகற்றினார்கள். மாதவிலக்கின்போது சுத்தமாக வைத்துக்கொள்ள முடியவில்லை என்று காரணம் சொன்னார்கள். பெண்கள் அமைப்புகள் கொதித்தெழுந்த பின்னரே அது நின்றது. இன்று 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கருவுறும் திறனை அழிக்கும் எந்த மருத்துவச் செயலையும் அந்த நபரின் சொந்த ஒப்புதல் இல்லாமல் செய்யக்கூடாது என்று பத்தாம் பிரிவில் சொல்கிறது. ஒப்புதலே தர முடியாத பெண்ணுக்கு, வேறு நோய்க்காரணம் இல்லாமல் சௌகரியத்துக்காகக் கருப்பையை எடுப்பதற்கு அதில் இடமில்லை. அம்மாக்களின் கவலைக்கு வேறு வழிகள் இருக்கின்றன. மாதவிலக்கைக் குறைக்கவோ நிறுத்தவோ ஹார்மோன் மாத்திரை, ஊசி, கருப்பைக்குள் வைக்கும் சாதனம் என்று திரும்பப் பெறக்கூடிய முறைகள் உண்டு. வலிப்பு மருந்தோடு எது ஒத்துப்போகும், எலும்பை எது பாதிக்கும் என்று மருத்துவர் பார்த்துத் தருவார். பல அம்மாக்கள் சொல்லத் தயங்கும் இன்னொரு பயம், யாராவது பிள்ளையிடம் தவறாக நடந்துகொண்டால் என்பது. கருப்பையை எடுப்பது அந்தக் கொடுமையைத் தடுக்காது. அது நடந்ததற்கான தடயத்தை மட்டும் மறைக்கும். அந்தப் பயத்துக்கு மருந்து, பிள்ளையோடு தனியே இருப்பவர்கள் யார் யார் என்பதில் கண் வைப்பதுதான்.

இடுப்பு மூட்டைப் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் இதில் நல்ல பெற்றோரே தவறான கேள்வியைக் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் நடந்து 2006-இல் வெளிவந்த ஆய்வு, முதல் நிலைக் குழந்தைகளில் ஒருவருக்கும் இடுப்பு மூட்டு விலகவில்லை, ஐந்தாம் நிலையில் 90 சதவீதத்தினருக்கு விலகியிருந்தது என்று கண்டது. இறுகிய தொடைத் தசைகள் வருடக்கணக்கில் இழுத்து இழுத்து எலும்பின் தலையைக் கிண்ணத்திலிருந்து வெளியே கொண்டுவந்துவிடுகின்றன. வலியே இல்லாத காலத்திலேயே குறித்த இடைவெளியில் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தால் சில நேரம் தசையை மட்டும் தளர்த்தும் சிறு அறுவையோடு போகலாம். தள்ளிப் போட்டால் எலும்பை வெட்டித் திருப்பிப் பொருத்தும் பெரிய அறுவை. அப்போது வீட்டில் கேட்பார்கள்: "நடக்கப் போறதில்லையே, இடுப்பைச் சரிபண்ணி என்ன ஆகப் போகுது?" இந்த அறுவை நடப்பதற்காகச் செய்வதில்லை. டயபர் மாற்றக் காலை விரிக்கும்போது அலறாமல் இருக்க, நாற்காலியில் ஒருக்களிக்காமல் உட்கார, இரவு தூங்க. இந்த மூன்றும் ஒரு பிள்ளையின் நாள் முழுதும்தான்.

ஆனால் வலிக்கிறதா என்று எப்படித் தெரியும்? முகம், கால், அசைவு, அழுகை, தேற்றினால் தேறுகிறதா என்ற ஐந்துக்கும் பூஜ்யம் முதல் இரண்டுவரை மதிப்பெண் போட்டு, பத்துக்குக் கூட்டும் அளவுகோல் ஒன்று மருத்துவமனைகளில் உண்டு. பெருமூளை வாதக் குழந்தைகளிடம் அது அப்படியே பொருந்தவில்லை. சும்மா இருக்கும்போதே கால் விறைத்திருக்கும் பிள்ளைக்குக் காலைப் பார்த்து மதிப்பெண் போட்டால் என்ன தெரியும்? அதனால் 2006-இல் அதைத் திருத்தி, இந்தக் குழந்தை வலித்தால் என்ன செய்யும் என்பதைப் பெற்றோரே எழுதிச் சேர்க்க இடம் விட்டார்கள். அக்கா மகள் வலித்தால் அழமாட்டாள். அமைதியாகிவிடுவாள். கண் ஒரே இடத்தில் நிலைக்கும், வலது கைக் கட்டைவிரல் உள்ளங்கைக்குள் மடங்கும். தெரியாத செவிலியர் பார்த்தால் குழந்தை சமர்த்தாக இருக்கிறாள் என்றுதான் நினைப்பார். ஆகவே ஒரே ஒரு தாள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நன்றாக இருக்கும்போது எப்படி இருப்பாள், வலித்தால் எப்படி, பயந்தால் எப்படி, எந்தப் பாட்டுக்கு அடங்குவாள், எந்தப் பக்கம் படுக்கப் பிடிக்கும். ஆம்புலன்ஸில் ஏறும்போது எடுத்துக்கொள்ள வேண்டிய முதல் காகிதம் அது. நடுராத்திரிப் பணியில் இருக்கும் இளம் மருத்துவருக்கு அந்தப் பிள்ளை ஒரு மனுஷியாகத் தெரிய அது உதவும்.

மனுஷியாகத் தெரியாமல் போவதுதான் கடைசி வகை முடிவில் பெரிய ஆபத்து. கடுமையான நிமோனியா, மூச்சு வாங்குகிறது, செயற்கைச் சுவாசம் வைக்கவா என்ற கேள்வி. இங்கே இரண்டு பக்கமும் தவறு நடக்கிறது. சில மருத்துவர்கள் "இந்த மாதிரி குழந்தைக்கு" என்று ஆரம்பித்து முடிக்காமல் விடுவார்கள். சிகிச்சை பலன் தருமா என்ற கேள்வியையும் இந்த வாழ்க்கை வாழத் தகுதியா என்ற கேள்வியையும் ஒன்றாக்கிவிடுகிறார்கள். முதலாவது மருத்துவக் கேள்வி. இரண்டாவதைச் சொல்ல ஸ்டெதஸ்கோப் யாருக்கும் அதிகாரம் தருவதில்லை. ஐரோப்பாவின் ஏழு நாடுகளில் பெருமூளை வாதம் உள்ள 8 முதல் 12 வயதுக் குழந்தைகளையே கேட்டு 2007-இல் வெளிவந்த ஆய்வில், தம் வாழ்க்கையைப் பற்றி அவர்கள் சொன்னது மற்றக் குழந்தைகள் சொன்னதோடு பெரும்பாலும் ஒத்திருந்தது. வெளியிலிருந்து பார்க்கிறவர் போடும் கணக்கு எவ்வளவு பிசகும் என்று அது காட்டியது. தானே பதில் சொல்ல முடியாத குழந்தைகளைப் பற்றி அந்த ஆய்வை வைத்து எதையும் நிரூபிக்க முடியாது. ஆனாலும் நம் ஊகத்தின் மேல் சந்தேகம் வருவதற்கு அது போதும்.

மறுபக்கத்துத் தவறு நம்முடையது. "எல்லாம் பண்ணுங்க டாக்டர்" என்று கும்பிட்டு நிற்பது. எல்லாம் என்றால் தொண்டையில் குழாய், அது வாரக்கணக்கில் எடுக்க முடியாமல் போனால் கழுத்தில் துளை, கையைக் கட்டி வைப்பது, அம்மாவைக் காலையும் மாலையும் சில நிமிடம் மட்டும் உள்ளே விடுவது. முதல் நிமோனியாவுக்கு அத்தனையும் செய்து பிள்ளை பழையபடி சிரித்துக்கொண்டு வீட்டுக்கு வந்தால் அது சரியான முடிவு. ஆறு மாதத்துக்குள் திரும்பத் திரும்ப வந்து, ஒவ்வொரு முறையும் நுரையீரல் இன்னும் கொஞ்சம் தேய்ந்து போகும் கட்டத்தில் அதே முடிவு அந்தப் பிள்ளைக்கு எதைத் தருகிறது என்று கேட்டாக வேண்டும். குறித்த சில நாள் முயன்று பார்ப்போம், இன்ன முன்னேற்றம் இல்லாவிட்டால் நிறுத்திக்கொண்டு மூச்சுத்திணறலையும் வலியையும் தணிக்கும் சிகிச்சையைத் தருவோம் என்று முன்கூட்டியே பேசிக்கொள்ளலாம். தணிப்புச் சிகிச்சைக்கு ஒத்துக்கொள்வது கைவிடுவதாகாது. மார்ஃபின் சொட்டும், மடியும், வீட்டுக் கட்டிலும் சேர்ந்த சிகிச்சை அது. உயிர்காக்கும் கருவிகளை நிறுத்துவது பற்றி உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று தீர்ப்பளித்து, 2023-இல் நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு மருத்துவக் குழுக்கள் பார்த்து ஒப்ப வேண்டும் என்பதால் அது ஒரு மருத்துவரும் ஒரு தகப்பனும் நடைபாதையில் நின்று பேசி முடிக்கும் காரியம் இல்லை. இந்தப் பேச்சைத் தீவிர சிகிச்சைப் பிரிவின் வாசலில் தொடங்கக்கூடாது. பிள்ளை நன்றாக இருக்கும் ஒரு மாதத்தில், பழகிய மருத்துவரிடம் நேரம் கேட்டு வாங்கிப் பேச வேண்டும். அபசகுனம் என்று பலர் தள்ளிப் போடுகிறார்கள். தள்ளிப் போட்டவர்கள் அந்த முடிவைத் தூக்கமில்லாத ஒரு இரவில், தனியாக எடுக்க நேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன்.

தனியாக என்பதே கூடாது. சென்னையில் 1985-இல் தொடங்கிய வித்யாசாகர், முட்டுக்காட்டில் இருக்கும் பல்வகைக் குறைபாடுகளுக்கான தேசிய நிறுவனம், தென்காசிப் பக்கம் ஆய்க்குடியின் அமர் சேவா சங்கம் போன்ற இடங்களில் சிகிச்சையோடு இன்னொன்றும் கிடைக்கும். ஏற்கெனவே குழாய் வைத்த, வேண்டாம் என்று முடிவு செய்த, இடுப்பு அறுவை செய்துகொண்ட பிள்ளைகளின் அம்மாக்கள் அங்கே உட்கார்ந்திருப்பார்கள். ஒரு முடிவுக்கு முன்னால் இரு பக்கத்திலும் ஒவ்வொருவரைப் பார்த்துப் பேசுவது நல்லது.

பதினெட்டு வயதாகும் நாளில் இன்னொரு சிக்கல் காத்திருக்கிறது. அன்று முதல் அம்மா அப்பா தாமாகவே சட்டப்படிப் பாதுகாவலர் ஆகிவிடுவதில்லை. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி மாவட்ட ஆட்சியர் தலைமையில் இயங்கும் உள்ளூர்க் குழுவிடம் மனுக் கொடுத்துப் பாதுகாவலர் நியமனம் பெற வேண்டும். பலர் வங்கிக் கணக்குக்காக மட்டும் இதைச் செய்கிறார்கள். அறுவைச் சிகிச்சை ஒப்புதலுக்கும் இதுவே ஆதாரம் ஆகும். மனுவை எழுதும்போதே நமக்குப் பின் யார் என்ற பேச்சும் எழுந்துவிடும். அக்காவுக்கு ஒரு மகனும் இருக்கிறான், மகளைவிட இரண்டு வயது இளையவன். எல்லா வீட்டிலும் தம்பி தங்கையைக் கேட்காமலே அந்தப் பொறுப்பு அவர்கள் தலையில் விழுகிறது. அவர்களைக் கேட்க வேண்டும், மறுக்கவும் இடம் தர வேண்டும். ஏற்றுக்கொண்டால் மருத்துவரைப் பார்க்கப் போகும்போது கூட்டிக்கொண்டு போக வேண்டும். குழாயைக் கழுவுவதும் வலிப்பு வந்தால் ஒருக்களித்துப் படுக்க வைப்பதும் அக்கா மகனுக்கு ஏற்கெனவே வரும். அக்கா இப்போது அவனிடம் சொல்லிக்கொண்டிருப்பது, இதுவரை எடுத்த ஒவ்வொரு முடிவிலும் எது அவனுடைய அக்காவுக்காக, எது அம்மாவுக்காக என்பதை.